உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். புயல் பருவம் தொடங்குவதற்கு முன்பா, முடிந்த பிறகா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஃபெர்மின் அன்று கொண்டுவந்த காப்பி கண்ணாடிக் குப்பியில் இருந்ததா, தகரக் குவளையில் இருந்ததா என்பதை மனம் இரண்டு விதமாகக் காட்டுகிறது. நெரெய்தாவிடம் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வாள். ஆனால் திரையில் பச்சை எழுத்தில் வந்த வரி மட்டும் ஓர் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "ஆபத்து அகற்றப்பட்டது. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது." அதைப் படித்தபோது வந்த கோபம் ஆறிவிட்டது என்றுதான் பல வருடங்களாக நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்த பிறகு தெரிகிறது, ஆறவில்லை.

நான் பல் மருத்துவர். கியூபாவின் லா கலேத்தாவில், கடலை நோக்கி இறங்கும் தெருவில் என் வீடு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் இருப்பவர்களோடே பகல் முழுவதும் கழிப்பவள் என்பதால், பேச்சில்லாத நேரம் எனக்குப் பழகிவிட்டது; பிறகு பிடித்தும் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் புத்தகம். அப்படி இருந்த வீட்டுக்குள் கணினி வந்தது.

மருத்துவர்கள் வீட்டுத் தொலைபேசி வழியாக மின்னஞ்சல் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த காலம் அது. இணையம் கிடையாது, மின்னஞ்சல் மட்டும். மாதத்துக்கு இவ்வளவு நேரம் என்று அளவு வேறு. கணக்கு என் பெயரில், என் தொழிலுக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். கையெழுத்து காய்வதற்குள் தெருவே அதற்குள் குடியேறிவிட்டது.

இதில் யாரும் தப்பு எதுவும் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தொலைபேசி இருந்தால் அது தெருவின் தொலைபேசி. ஒரு வீட்டில் குளிர்பெட்டி ஓடினால் பக்கத்து வீட்டு மீனும் அதில்தான் இருக்கும். அமெரிக்காவின் தம்பாவில் தங்கை, ஸ்பெயினின் சரகோசாவில் மகள், ஈக்வடாரின் கீட்டோவுக்கு ஓடிப்போன கணவன், எல்லோரும் என் முகவரிக்கே எழுதினார்கள். எல்லோருடைய கடிதமும் ஒரே இன்பாக்ஸில் வந்து விழுந்தது. ஆளுக்கொரு அடைவு, அதாவது ஃபோல்டர், போட்டுப் பிரித்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே தெரு, ஒரே பெட்டி.

ஞாயிறு காலைகளில் வருவார்கள். முதல் ஆள் எப்போதும் நெரெய்தாதான். எதிர்வீட்டின் முன்னறையில் முடி திருத்துபவள். தலையில் சுருள் குழல்களோடு உட்கார்ந்திருக்கும் வாடிக்கைக்காரியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள்.

"எழுது, என் உயிரே. இங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கோம், சோப்பு இல்ல."

"ரெண்டையும் ஒரே வரியிலயா?"

"நமக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே வருது? எழுது, எழுது, நேரம் ஓடுது."

ஃபெர்மின் எதையும் எழுதச் சொல்லமாட்டார். படகுகளுக்குப் பனிக்கட்டி தரும் ஐஸ் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மகன் அமாவுரி ஸ்பெயினின் முர்சியாவில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவன் செருப்புகூட இங்கே வந்து சேரவில்லை. அவனுடையது என்று மிஞ்சியவை அவன் எழுதிய கடிதங்கள் மட்டுமே. அவை என் இன்பாக்ஸில் இருந்தன.

மற்றவர்கள் போன பிறகு, அவர் காப்பியோடு வருவார். ஒரு கடிதத்தைத் திறக்கச் சொல்வார். ஒன்றே ஒன்று. அடுத்த ஞாயிறு அதற்கடுத்தது. கடைசிக் கடிதம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கடிதங்களில் பெரிதாக எதுவும் இருக்காது. வீட்டுக்காரியின் நாய் இவனைப் பார்த்து மட்டும் குரைப்பதில்லை. அங்கே தக்காளி பார்க்க அழகு, வாயில் வைத்தால் தண்ணீர். சிமெண்ட் வாடை தலைமுடியை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இவ்வளவுதான். அவர் உதடு அசைய வாசிப்பார். நான் சமையலறை ஜன்னலோரம் போய் நின்றுகொள்வேன். வாரம் முழுவதிலும் எனக்குப் பிடித்த நேரம் அதுதான் என்பதை அவரிடம் சொன்னதில்லை.

"அச்சடிச்சுத் தரட்டுமா ஃபெர்மின்? பிரிண்டருக்கு ரிப்பன் ஒண்ணு கிடைச்சிருக்கு."

"வேணாம் டாக்டர். இந்தக் கடல் காத்துக்குக் காகிதம் பூஞ்சை பிடிச்சுப் போயிரும். உள்ளேயே இருக்கட்டும். அங்கன்னா பத்திரம்."

பத்திரம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு மாகாணக் கணினி மையத்திலிருந்து ஒஸ்மெல் வந்தான். முப்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, பையில் நாலு பேனா. புது ஆன்ட்டிவைரஸ் இல்லாமல் இனி யாரும் தொடர்பு கொள்ள முடியாது என்று ஆணை வந்திருந்தது. அதை நிறுவிவிட்டு எழுந்தான்.

"இனிமே கடிதம் உங்க பெட்டிக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இது பிரிச்சுப் பாத்துரும், தோழர் டாக்டர். அனுப்புறதையும் பாக்கும். பெட்டியில கிடக்குறதையும் அப்பப்போ கிளறிப் பாக்கும்."

கதவில் சாய்ந்து நின்ற நெரெய்தா சொன்னாள், "எங்க மாமியார் இதைச் சம்பளம் இல்லாமலே செஞ்சாங்க."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெருவில் அந்த மென்பொருளுக்கு மாமியார் என்றே பெயர்.

மாமியார் வந்த முதல் வாரமே தகராறு. வரும் கடிதத்தை வாசலில் நிறுத்தி அவள் துருவிக்கொண்டிருப்பாள். உள்ளே மின்னஞ்சல் நிரல் காத்திருந்து காத்திருந்து, மறுமுனை செத்துவிட்டது என்று முடிவு செய்து தொடர்பைத் துண்டிக்கும். மறுபடி டயல் செய்தால் அதே கடிதம் மறுபடி முதலிலிருந்து. மாத நேரம் கரைந்தது. ஒரே கடிதம் மூன்று தடவை வந்து உட்கார்ந்தது.

"என் மகளுக்கு என்னமோ ஆயிருச்சு டாக்டர்," என்றாள் நெரெய்தா கவலையாக. "குளிருது, வேலை கிடைச்சுதுன்னு சொன்னதையே மூணு தடவை சொல்றா."

ஒஸ்மெலைத் தொலைபேசியில் பிடித்தேன். மின்னஞ்சல் நிரலில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைக்கச் சொன்னான். கூட்டினேன். நிரல் பொறுமை கற்றுக்கொண்டது. இரண்டும் ஒரு வழியாகச் சேர்ந்து வாழத் தொடங்கின என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. கணினியை முடுக்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது திரையின் மூலையில் அந்தப் பச்சை வரி. ஆபத்து அகற்றப்பட்டது. நல்லதுதானே என்று அதை மூடிவிட்டு இன்பாக்ஸைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. நிரலை முதன்முதலாக நிறுவும்போது அதுவே தனக்கு எழுதிக்கொள்ளும் நல்வரவுக் கடிதம். மற்றது எதுவும் இல்லை. நான்கைந்து வருடத் தெரு முழுவதும் துடைத்தெடுத்ததுபோல் வெள்ளையாக இருந்தது.

வாசலில் ஃபெர்மின், காப்பியோடு.

"அடுத்தது அந்த பூட்ஸ் கடிதம் டாக்டர்," என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காப்பியை மேசையில் வைத்தார். "கரண்ட் போய் வந்ததுல குழம்பியிருக்கும். நான் சாயங்காலம் வரேன்," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு.

ஒஸ்மெல் வியாழக்கிழமைதான் வந்தான். நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தான்.

"ஒரு ஃபைல்ல வைரஸ் இருந்திருக்கு. எடுத்துருச்சு. அதோட வேலைய அது செஞ்சிருக்கு."

"ஏதோ ஒரு கடிதத்துல இருந்திருக்கும். இது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சே."

"உங்க மெயில் புரோகிராம் இன்பாக்ஸ் மொத்தத்தையும் ஒரே ஃபைலா வெச்சிருக்கு. இதுக்கு ஃபைல்தான் தெரியும். கடிதம் தெரியாது."

"என்கிட்ட ஒருத்தர் சொத்தைப் பல்லோட வந்தா, நான் தாடையைக் கழட்டிக் கையில குடுத்துட்டு, இப்ப நீங்க பாதுகாப்பா இருக்கீங்கன்னு சொல்றதில்ல."

"பல்லு வேற, தோழர் டாக்டர்."

"எப்படி வேற?"

அவன் பேனாவை எடுத்தான். தொற்று கண்ட கணினியை முழுதாகத் துடைத்து ஃபார்மட் செய்ய வேண்டும், அதுதான் விதிமுறை என்றான். வட்டு கொண்டுவரவில்லை, திங்கட்கிழமை வருவான். செய்யாவிட்டால் கணக்கை மூட வேண்டியிருக்கும்.

"எனக்கு வேண்டிய கடிதங்கள் இன்னும் அதுக்குள்ள எங்கயாவது கிடக்கலாம்."

"தொழில் சம்பந்தமாவா?" பேனாவைப் பையில் செருகினான். "உங்களுக்கு ஸ்பெயின்லயும் தம்பாவுலயும் ஈக்வடார்லயும் நிறைய சொந்தக்காரங்க போலிருக்கு. பெரிய குடும்பம்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்தக் கடிதங்கள் யாருடையவை என்று சொன்னால்தான் அவற்றுக்காக வாதாட முடியும். சொன்னால் கணக்கு போய்விடும், தெருவும் மாட்டிக்கொள்ளும். அவனுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல் சொன்னான். மற்றவர்கள் பேச முடியாமல் தவிப்பதை நான் தினமும் பார்க்கிறவள். அன்று அது எனக்கு நடந்தது.

அன்று சாயங்காலம் தெரு என் முன்னறையில் கூடியது. நான் விஷயத்தைச் சொன்னேன். ஃபெர்மின் கதவருகே நின்றிருந்தார்.

"அப்போ ஃபார்மட் பண்ணிட்டுப் போகட்டும்," என்றாள் நெரெய்தா. "பழசு போனாப் போகுது. எனக்குத் தூதரகத்து விசா நேர்காணல் தேதி இதுலதான் வரணும் டாக்டர். கணக்கை மூடிட்டா நான் எங்க போவேன்?"

"ஃபெர்மினோட கடிதங்க?"

"அவருக்குத்தான் ஒவ்வொண்ணும் மனப்பாடமாச்சே! தெருவுக்கே தெரியும். நாய், தக்காளி, எல்லாம்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "கோவிச்சுக்காதீங்க ஃபெர்மின். உயிரோட இருக்கவங்க கடிதமும் வரணும் இல்லையா?"

யாரும் மறுக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள், ஆனால் மறுக்கவில்லை. வருடக்கணக்காக என் நாற்காலிகளில் உட்கார்ந்து, என் தொலைபேசியில் காத்திருந்து, ஒருவர் கடிதத்துக்கு இன்னொருவர் அழுதவர்கள்.

"மனப்பாடம்தான்," என்றார் ஃபெர்மின். "ஆனா நான் சொன்னா அது என் குரல்லதானே வருது?"

அவ்வளவுதான் சொன்னார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களையும் நான் போகச் சொன்னேன். நல்ல முறையில் சொல்லவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். மாமியாரின் உதவிக் குறிப்பு முழுவதும் ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, புத்தகம் படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் உண்மை இருந்தது. அவள் பிடித்ததை அழிப்பதில்லை. ஓர் அறையில் போட்டுப் பூட்டி வைக்கிறாள். திரும்பப் பெற வழி உண்டு. ஒஸ்மெலுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியாது என்றால் எதற்கு அந்த நாலு பேனா? தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை? இரண்டில் எது என்று யோசிக்க யோசிக்கக் கோபம் கூடியதே தவிர விடை வரவில்லை.

மாமியாரைத் தூங்க வைத்துவிட்டு, பூட்டிய ஃபைலை மீட்டு அதன் இடத்தில் வைத்தேன். இன்பாக்ஸைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. நெரெய்தாவின் மகள் மூன்று தடவை குளிரில் நடுங்கினாள். அமாவுரியின் கடிதங்கள் வரிசையாக நின்றன. கெட்ட கடிதம் எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. சரி, மாமியார் எதையோ தப்பாகப் பார்த்திருக்கிறாள் என்று அவளை எழுப்பினேன். எழுந்ததும் எழாததுமாக மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டு, அதே பச்சை எழுத்தில் எனக்கு அதே நற்செய்தியைச் சொன்னாள்.

மேசையை ஓங்கிக் குத்தினேன். பல் பிடுங்கும் கை, மேசைதான் பாவம்.

பிறகு, அவள் எதைப் பிடித்தாள் என்ற விவரம் எங்காவது இருக்க வேண்டுமே என்று தேடினேன். ஒரு பொத்தானுக்குள் ஒன்றாக, மூன்றாவது திரையில் இருந்தது. பிடிபட்ட கடிதத்தின் தலைப்பு: "வைரஸ்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் நடவடிக்கைகள் குறித்து." அனுப்பியது: மாகாணக் கணினி மையம். இணைப்பில் இருந்த சுற்றறிக்கையில்தான் வைரஸ். அனுப்பியவர் பெயர்: ஒஸ்மெல்.

அந்தச் சுற்றறிக்கை எனக்கு நினைவிருந்தது. மூன்று பக்கம், இரண்டு வருடத்துக்கு முன் வந்தது. முதல் பத்தியைப் பாதி படித்துவிட்டு அழித்துவிட்டேன். அழித்த கடிதம் எப்படி உள்ளே இருக்கும்?

இதற்கு விடை மின்னஞ்சல் நிரலின் உதவிக் குறிப்பில் இருந்தது. நாம் அழிக்கும் கடிதம் கண்ணிலிருந்துதான் மறைகிறது. ஃபைலுக்குள் அப்படியே கிடக்கிறது, அடைவைச் "சுருக்கும்" வரை. அதைத்தான் அந்த நிரல் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. "இடத்தை மிச்சப்படுத்த அடைவுகளைச் சுருக்கவா?" நான் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல. கியூபாவில் எனக்குத் தெரிந்து கணினி வைத்திருந்த எவரும் அதற்குச் சரி சொன்னதில்லை. சுருக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல் நொறுங்கிவிடும். எங்களுக்கோ மின்சாரம் எப்போது போகும் என்று அறிவிப்பு வரும். அறிவித்த நேரத்தில் மட்டும் போகாது. எங்கள் மகப்பேறு மருத்துவர் ஒருமுறை தெரியாமல் சரி என்று தட்டிவிட்டு எல்லாவற்றையும் இழந்தாள். வேண்டாம் என்பதைத்தான் நாங்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தோம். அப்படிச் சேர்த்து வைத்த குப்பைக்குள் மையத்தின் குப்பையும் இருந்திருக்கிறது.

அகராதியை மூடினேன். அப்போதுதான் நெரெய்தா வந்தாள். சண்டைக்கா சமாதானத்துக்கா என்று அவளுக்கே தெரியாத முகம். கையில் ஒரு தட்டு வாழைக்காய் வறுவல்.

நான் திரையைக் காட்டினேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இந்த ஒஸ்மெல்... அந்த ஒஸ்மெலா?"

"அவனேதான்."

"அழுக்கைக் கொண்டுவந்து கொட்டுனது அவன். நம்மளை வெள்ளாவியில வெச்சு வேகவிடப் போறதும் அவனா?" தட்டை வைத்தாள். "நானும் நேத்து அவன் பக்கம் பேசினேனே டாக்டர். ஒரு செத்த பையனோட கடிதம்தானேன்னு பேசினேனே! என் வாயில நீ ஊசி குத்தியிருக்கணும்."

"உனக்கு மரத்துப்போற ஊசி இன்னும் கண்டுபிடிக்கல."

"சரி, இப்ப என்ன செய்யணும்? சொல்லு."

"சுருக்கணும். அப்பதான் அவன் சுற்றறிக்கை நிஜமாவே அழியும். பாதியில கரண்ட் போகக் கூடாது. போச்சுன்னா ஃபெர்மினுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீ வேலை பாக்குற பாலிகிளினிக்ல என்னைக்குக் கரண்ட் போயிருக்கு? உன் பல் அறைச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

ஞாயிறு மதியம் கணினியை எடுத்துச் சென்றோம். ஃபெர்மின் தொழிற்சாலையிலிருந்து ஐஸ் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். ஐஸ் உருகாமல் மூடும் சாக்கைக் கீழே விரித்து, நெரெய்தாவின் கடைத் துண்டுகளில் பெட்டியையும் திரையையும் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தோம். தெரு முனையில், போவோர் வருவோரைக் கண்காணிக்கும் குடியிருப்புக் குழுத் தலைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஃபெர்மின், ஞாயித்துக்கிழமையும் ஐஸா?"

ஃபெர்மினுக்குப் பொய் வராது. நெரெய்தாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"டாக்டரோட பல்லு பிடுங்குற மெஷின். சும்மாதான் இருக்கு, உங்களுக்கும் ஒரு தடவை பாத்துரச் சொல்லட்டுமா?"

தலைவி வாயைக் கையால் மூடிக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள்.

பல் அறையில், கருவிகள் வைக்கும் தட்டை நகர்த்திவிட்டுக் கணினியை வைத்தேன். அங்கே இருந்த ஒரே வசதியான இருக்கை நோயாளியின் சாய்வு நாற்காலிதான். ஃபெர்மின் அதில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டார், எல்லோரும் பற்றுவது போலவே. மாமியாரைத் தூங்க வைத்தேன். ஃபைலை மீட்டேன். நிரல் வழக்கமான கேள்வியைக் கேட்டது. அத்தனை வருடத்தில் முதல் முறையாகச் சரி என்றேன்.

நீலப் பட்டை நகர ஆரம்பித்தது. நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரியாத வேகம். நெரெய்தா ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்கள் இருவரையும் பார்த்து மூடிக்கொண்டாள். எதிர்த்தெருவில் ஏதோ ஒரு வீட்டு வானொலியில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டை பாதியைத் தாண்டியபோது, அறிவிப்பாளர் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றுபோனார். அதைத் தொடர்ந்து தெரு முழுவதும் அந்தப் பழகிய முனகல். மின்சாரம் போய்விட்டது.

எங்கள் தலைக்கு மேலே குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அது மறுபடி நிலைத்து எரிந்தது. பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த அமைதியில் நான் கோபத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இறந்துபோன ஒரு பையனின் நாயும் தக்காளியும் காப்பாற்றப்பட, மூன்று பேர் திருடர்களைப் போல இங்கே ஒளிந்திருக்க வேண்டியிருந்தது. அழுக்கைக் கொண்டுவந்தவன் தேய்த்த சட்டையோடு திங்கட்கிழமைக்குக் காத்திருந்தான்.

பட்டை முடிந்தது. மாமியாரை எழுப்பினேன். அவள் இன்பாக்ஸுக்குள் போனாள், மூலை மூலையாகத் துருவினாள், வெளியே வந்தாள். சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

திரையை நாற்காலிப் பக்கம் திருப்பினேன்.

"பூட்ஸ் கடிதமா ஃபெர்மின்?"

"போன ஞாயிறோடது அது. அதுதான் முதல்ல," என்றார்.

அவர் வாசித்தார். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு பூட்ஸ் வாங்கியிருக்கிறான். ஐஸ் அறையில் கால் நனையாது. அளவு தெரியாததால் தன் அளவுக்கே வாங்கிவிட்டான். ஊருக்கு வரும்போது கொண்டுவருவான். இத்தனை வருடத்தில் அந்தக் கடிதத்தை அவர் வாசிப்பதை நெரெய்தா கூட இருந்து பார்த்ததில்லை. பாதியில் எழுந்து வெளியே போய் வண்டியருகில் நின்றுகொண்டாள்.

திங்கட்கிழமை ஒஸ்மெல் வட்டோடு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். மாமியாரின் மூன்றாவது திரையைத் திறந்து அவன் முன்னால் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றேன். அவன் தன் பெயரைப் படித்தான். அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். அமைதி எனக்குப் பழக்கம், அவனுக்கு இல்லை.

"இதை வேற யாருக்காவது காட்டினீங்களா, தோழர் டாக்டர்?"

"எனக்குப் பெரிய குடும்பம்."

அவன் வட்டைப் பையில் போட்டான். தன் தாளில் "ஃபார்மட் செய்யப்பட்டது" என்று எழுதினான். கையெழுத்துப் போட என்னிடம் பேனா நீட்டினான். போட்டேன். அவன் மன்னிப்புக் கேட்பான் என்று வாசல் வரைக்கும் எதிர்பார்த்தேன்.

அந்த மாதமே மையத்திலிருந்து புதுச் சுற்றறிக்கை வந்தது. மாகாணத்தில் பரவிய தொற்றுக்குப் பயனாளர்களின் அலட்சியமே காரணம் என்று எழுதியிருந்தது. தெருவுக்கே சத்தமாகப் படித்துக் காட்டினேன். பிறகு அதை அழித்தேன். நிரல் கேட்பதற்கு முன்பே, கணினியைப் பாலிகிளினிக்குக்குத் தூக்கிப் போய், அடைவைச் சுருக்கினேன்.

ஒஸ்மெல் மையத்தின் தலைவனாக உயர்ந்தான். பிறகு நாட்டை விட்டுப் போனான். எங்கே என்று எனக்குத் தெரியாது. நெரெய்தாவுக்கு நேர்காணல் தேதி கிடைத்தது. இப்போது சரகோசாவில் மகள் வீட்டில் இருக்கிறாள், அங்கேயும் முடி வெட்டுகிறாள். வேறொரு சோதனையில் என் கணக்கை மூடிவிட்டார்கள். அதற்குள் பூங்காவில் வைஃபை வந்துவிட்டதால் தெரு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கணக்கு போன பிறகும் ஃபெர்மின் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். படிக்கக் கணக்கு வேண்டியதில்லை. போன வருடம் நுரையீரல் நோயில் இறந்தார். கடிதங்கள் தனி அடைவில், அமாவுரியின் பெயரில், என்னிடம் இருக்கின்றன.